அப்டேட்டுக்குப் பிறகு பிரஷ்களை எந்த வழியில் கொண்டுவருவது?

ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்பு இறங்கி முடிந்துவிட்டது. ஆசையோடு திறக்கிறீர்கள். வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பிரஷ்களில் ஒன்றைக்கூடக் காணோம், மென்பொருளோடு வரும் வட்டப் பிரஷ்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அல்லது எல்லாமே வந்திருக்கின்றன, ஆனால் கோடு பழைய மாதிரி விழவில்லை. அன்று மாலைக்குள் ஓர் அட்டைப்படம் அனுப்ப வேண்டியிருந்தால் வயிற்றைக் கலக்கும்.

அந்த நேரத்தில் கையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம். மென்பொருளே எல்லாவற்றையும் கொண்டுவரட்டும் என்று விடலாம். அமைப்புக் கோப்பை நாமே நகலெடுத்துப் போடலாம். வேண்டியதை மட்டும் ஏபிஆர் கோப்புகளாக, அதாவது ஃபோட்டோஷாப் பிரஷ்களைச் சேமிக்கும் கோப்புகளாகப் பிரித்து ஏற்றலாம். இல்லையென்றால் வேறு மென்பொருளுக்கே போய்விடலாம். ஐந்தையும் வெவ்வேறு சமயங்களில் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுத்துகளைக் கையால் வரைந்து தலைப்புகளாக்குவது என் வேலை. புத்தக அட்டை, திருமண அழைப்பிதழ், சில சமயம் கடைப் பலகை. பிரஷ் மாறினால் எழுத்தின் முகமே மாறிவிடும். அதனால் இந்த ஒப்பீட்டில் என் அளவுகோல் ஒன்றுதான்: வேறு எங்கும் கிடைக்காத பிரஷ், அதாவது நாமே செய்தது அல்லது நம் கைக்கு ஏற்றபடி திருத்தியது, எந்த வழியில் பத்திரமாக வந்து சேரும்? விலைக்கு வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நாமே செய்தது போனால் போனதுதான்.

முதலில், உண்மையிலேயே போய்விட்டதா?

எந்த வழி என்று முடிவெடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். பாதி நேரம் பிரஷ் அங்கேயேதான் இருக்கும், நாம் தேடும் இடம்தான் மாறியிருக்கும்.

2017 அக்டோபரில் ஃபோட்டோஷாப் சிசி 2018 வந்தபோது நிறைய பேர் பதறியது இதனால்தான். அதுவரை ‘பிரஷ் பிரீசெட்ஸ்’ என்றிருந்த பேனல் வெறும் ‘பிரஷஸ்’ ஆனது. ‘பிரஷ்’ என்றிருந்த பேனல் ‘பிரஷ் செட்டிங்ஸ்’ ஆனது. பிரஷ்களை ஃபோல்டர் போட்டு அடுக்கும் வசதி வந்தது. கூடவே, முன்பு தானாகக் கிடைத்துவந்த பிரஷ் தொகுப்பின் இடத்தில் புதிய தொகுப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. சாக்பீஸ், புல், மேப்பிள் இலை என்று கைக்குப் பழகியவை கண்ணில் படவில்லை. அவை அழிக்கப்படவில்லை. பேனலின் மெனுவில் ‘லெகசி பிரஷஸ்’ என்பதைத் தேர்ந்தால் ஒரு ஃபோல்டராக வந்து சேரும்.

கோடு மாறிப்போவதற்கும் அதே பதிப்பிலிருந்து ஒரு காரணம் இருக்கிறது. ‘ஸ்மூதிங்’ என்ற அமைப்பு அதில்தான் 0 முதல் 100 வரையிலான அளவாக வந்தது. 0 என்று வைத்தால்தான் அதற்கு முந்தைய பதிப்புகளின் நடை. எண்ணைக் கூட்டக் கூட்ட, நடுக்கம் அடங்கிக் கோடு வழவழவென்று வரும். ஆங்கில எழுத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ‘ட’ போட்டுப் பாருங்கள்: நிமிர்ந்து நிற்க வேண்டிய மூலை மழுங்கும். ‘ண’ போட்டால் பேனா மூன்றாவது சுழிக்குப் போயிருக்கும், மை இரண்டாவதில் வந்துகொண்டிருக்கும். பிரஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழைய பதிப்பைத் தேடிப் போகிறவர்கள், மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பட்டையில் இந்த எண்ணை ஒருமுறை 0 ஆக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, பேனா அழுத்தம். மெல்லத் தொட்டாலும் அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் விழுந்தால் பிரஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம். பிரஷ் செட்டிங்ஸில் ‘பென் பிரஷர்’ என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு சின்ன முக்கோணம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், டேப்லெட்டின் அழுத்தம் மென்பொருளுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குக் கடத்த விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸில் பலர் முதலாவதைத் தவிர்த்து வின்டேப் வழியாகப் பேனாவை ஓட்ட, அமைப்பு ஃபோல்டருக்குள் ஒரு சிறு உரைக்கோப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆண்டு மாறும் பெரிய அப்டேட்டில் ஃபோட்டோஷாப்புக்கு அமைப்பு ஃபோல்டரும் புதிதாக உருவாகிறது. அந்த உரைக்கோப்பு புதிய ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி திறங்கள்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகும் பிரஷ் இல்லை என்றால்தான் மேலே சொன்ன ஐந்து வழிகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழைய பதிப்பிலேயே இருப்பது

வேலை பாதியில் நிற்கிறது, நாளை மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே தலைப்பின் முதல் நான்கு எழுத்தைப் பழைய பதிப்பிலும் கடைசி இரண்டைப் புதியதிலும் வரைந்து பார்த்திருக்கிறேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், வரைந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு அப்டேட் பொத்தானை அழுத்தும்போதே கவனம் வேண்டும். அடோபி மென்பொருள்களை நிறுவும் செயலியான கிரியேட்டிவ் கிளவுடில் அப்டேட் செய்யும்போது கூடுதல் விருப்பங்கள் என்று ஒரு பகுதி திறக்கும். பழைய பதிப்புகளை நீக்குவதா, முந்தைய அமைப்புகளைக் கொண்டுவருவதா என்று அங்கே கேட்கும். நீக்குவதற்கான டிக்கை எடுத்துவிட்டால் இரண்டு பதிப்பும் அருகருகே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு ஃபோல்டர் என்பதால் ஒன்றின் பிரஷ்ஷை மற்றது தொடாது. தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருந்தால் அதன் அமைப்பிலும் இதே கேள்வி உண்டு, போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது தங்கும் இடம் ஆகாது. 2019 மே மாதத்திலிருந்து சந்தாதாரர்களுக்கு இப்போதைய பெரும் பதிப்பும் அதற்கு முந்தையதும் மட்டும்தான் இறக்கக் கிடைக்கின்றன. நீங்கள் தாங்கிப் பிடித்திருக்கும் பதிப்பு ஒருநாள் கணினியோடு போனால் திரும்பக் கிடைக்காது. கணினியின் இயங்குதளமும் நிற்பதில்லை. 2019 அக்டோபரில் மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய வகையான 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது, 2012இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்6ஐ நம்பியிருந்தவர்கள் திணறினார்கள். ஃபோட்டோஷாப் 64 பிட்தான், நிறுவும் நிரல் 32 பிட்டாக இருந்ததே தடையானது. வேலை முடியும்வரை தங்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

மென்பொருளே கொண்டுவரட்டும்

முந்தைய அமைப்புகளைக் கொண்டுவா என்று டிக் போட்டுவிட்டால் பெரும்பாலும் எல்லாம் வந்துவிடும். முதல் தடவை விட்டுப்போனால், எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் என்பதற்குள் ‘மைக்ரேட் பிரீசெட்ஸ்’ இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்கும். இரண்டு சொடுக்கில் வேலை முடிகிறது. திருத்திய பிரஷ் ஐந்தாறுக்குமேல் இல்லாதவர்களுக்கு இது போதும்.

எனக்கு இதில் இரண்டு குறைகள் படுகின்றன. நல்லதோடு குப்பையும் சேர்ந்தே வரும். என்றோ இறக்கி ஒருமுறைகூடத் தொடாத முந்நூறு மேகப் பிரஷ்களும் புதிய வீட்டுக்குக் குடிவரும். பெரிய குறை இன்னொன்று. இந்த வழியில் உங்கள் கையில் எந்த நகலும் தங்குவதில்லை. பிரஷ் ஒரு பதிப்பின் வயிற்றிலிருந்து அடுத்ததன் வயிற்றுக்குப் போகிறது. நடுவில் பழைய பதிப்பை நீக்கும்போது அமைப்புகளையும் நீக்கவா என்று கேட்க, அவசரத்தில் சரி என்று அழுத்தியிருந்தால் கொண்டுவர எதுவுமே மிஞ்சாது.

அமைப்புக் கோப்பை நாமே நகலெடுப்பது

பேனலில் நீங்கள் பார்க்கும் பிரஷ்கள் எல்லாம் ‘பிரஷஸ்’ என்ற பெயரும் பிஎஸ்பி என்ற பின்னொட்டும் கொண்ட ஒரே கோப்பில் இருக்கின்றன. விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் அடோபி என்று போனால் ஒவ்வொரு ஃபோட்டோஷாப் பதிப்புக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபோல்டர் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்ல வேண்டும். மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸில் இருக்கிறது.

கணினி திறக்கவே மறுக்கிறது, ஆனால் ஹார்ட்டிஸ்க்கை வேறொன்றில் மாட்டிப் படிக்க முடிகிறது என்றால் இந்த வழிதான் காப்பாற்றும். தோழி ஒருத்தியின் ஆறு வருடச் சேமிப்பை இப்படித்தான் மீட்டோம். மற்றபடி அன்றாடத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும், போட்டால் புதிய பதிப்பில் இருக்கும் கோப்பின்மேல் போட வேண்டும். அதில் ஏதாவது பழுதிருந்தால் பழுதும் சேர்ந்து வரும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப் இந்தக் கோப்பை எழுதுவது, அதை ஒழுங்காக மூடும்போதுதான். ஒருநாள் காலையிலிருந்து உட்கார்ந்து கோலப்பொடி மாதிரி சிதறும் பிரஷ் வகைகள் ஏழு செய்தேன். விரலிடுக்கில் மாவு நழுவும்போது கோட்டின் ஓரம் எப்படி இருக்குமோ அப்படி வர வேண்டும் என்று துகளின் அளவையும் சிதறலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் பிடிபட்டுவிட்டது. மாலை நாலரைக்குக் கரண்ட் போனது. படத்தைச் சேமித்திருந்தேன், அது இருந்தது. ஏழு பிரஷ்ஷும் இல்லை. மறுநாள் ஐந்தைத் திரும்பச் செய்ய முடிந்தது. இரண்டு இன்றுவரை அந்தப் பக்குவத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து புதிய பிரஷ் ஒன்று பிடிபட்டதும் அதை ஏற்றுமதி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

ஏபிஆராகப் பிரித்து ஏற்றுவது

நான் தேர்ந்துகொண்ட வழி இது. புதிய பதிப்பை வெறுமையாகத் தொடங்கவிட்டு, என் ஃபோல்டரிலிருந்து வேண்டிய ஏபிஆர்களை மட்டும் ஏற்றுகிறேன்.

பழைய பதிப்பில் செய்ய வேண்டியது எளிது. பேனலில் ஒரு ஃபோல்டரையோ, கன்ட்ரோல் விசையைப் பிடித்துச் சில பிரஷ்களையோ தேர்ந்து, மெனுவில் ‘எக்ஸ்போர்ட் செலக்டட் பிரஷஸ்’ கொடுத்தால் ஒரு ஏபிஆர் கிடைக்கும். முனை, சிதறல், அழுத்தத்துக்கான அமைப்பு, உள்ளே பயன்பட்ட டெக்ஸ்ச்சர், இரட்டைப் பிரஷ்ஷின் இரண்டாவது முனை எல்லாம் அதற்குள் அடங்கும். ஃபோல்டர் அடுக்கும் அப்படியே வரும். பிரஷ்ஷைச் செய்தவரின் பெயரால் பிரிக்காமல் வேலையால் பிரிக்கிறேன்: தலைப்பு மை, சுவரெழுத்து, நிழல், காகிதச் சொரசொரப்பு. பேனலைத் திறக்கும்போது மனதில் ஓடுவது ‘இது யார் செய்த பிரஷ்’ என்பதில்லை, ‘இந்த வேலைக்கு எது’ என்பதுதானே.

சேமிக்கும்போது ஒரு டிக் முக்கியம். சிசி 2018க்கு முன்னால் பிரஷ் என்பது ஒன்று, டூல் பிரீசெட் என்பது வேறொன்று. ஒளிபுகும் அளவு, ஃப்ளோ (மை எவ்வளவு இறங்குகிறது என்பது), கலக்கும் முறை போன்றவை டூல் பிரீசெட்டில்தான் தங்கும், அதன் கோப்புக்கு டிபிஎல் என்று பெயர். சிசி 2018இலிருந்து புதிய பிரஷ்ஷைச் சேமிக்கும்போதே டூல் அமைப்புகளையும் நிறத்தையும் சேர்க்கவா என்று கேட்கிறது. ‘என் பிரஷ் வந்துவிட்டது, ஆனால் ஏன் இவ்வளவு அழுத்தமாக விழுகிறது’ என்று கேட்பவர்களில் பலருக்குப் பதில் இதுதான்: முனை வந்திருக்கிறது, 40 சதவீத ஃப்ளோ வரவில்லை. பழைய டிபிஎல்கள் இருந்தால் டூல் பிரீசெட் பேனலில் ஏற்றி, அங்கிருந்தே பிரஷ்ஷாக மாற்றிக்கொள்ளலாம்.

ஏபிஆரோடு நிற்காமல் மூலப் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். நான் அதிகம் எடுக்கும் பிரஷ் வேப்பங்குச்சியில் பிறந்தது. பல் துலக்க மெல்லுவது மாதிரி நுனியை நசுக்கி, நார் விரிந்ததும் மையில் தோய்த்து, கெட்டியான காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இருபது ஒற்றலில் ஒன்று தேறியது: நடுவில் மை குளம் கட்டாமல், ஓரத்தில் ஏழெட்டு நார் மட்டும் பிரிந்து நின்றது. அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையாக்கி முனையாக வைத்தேன். பிரஷ் முனைக்கு நிறம் தெரியாது. கறுப்பு முழுதாகப் பதியும், வெள்ளை பதியாது, சாம்பல் நடுவே நிற்கும். ஆகவே அந்த ஒரு படம் இருந்தால் எந்த மென்பொருளிலும், எத்தனை வருடம் கழித்தும், அதே குச்சியை மறுபடி எடுக்கலாம். ஏபிஆருக்குப் பக்கத்தில் அந்தப் படமும் அமைப்புகளின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கட்டும்.

அப்புறம் சோதனைத் தாள். ஏ4 அளவில், 300 டிபிஐயில், அதாவது 2480க்கு 3508 பிக்சலில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரஷ்ஷிலும் ‘ழ’ மூன்று முறை: மெல்ல, நடுத்தரமாக, அழுத்தி. பக்கத்தில் பெயரும் அளவும். புதிய பதிப்பில் அதே கோப்பைத் திறந்து, மேலே புதிய லேயர் போட்டு, அதே அளவில் மறுபடி எழுதுவேன். ழவின் சுழியில் கோடு தன்மேல் தானே ஏறும் இடம் ஒன்று உண்டு. ஃப்ளோ மாறியிருந்தால் அங்கே இருட்டு கூடும் அல்லது குறையும். கொம்பு கீழே இறங்கி முடியும் இடத்தில் நுனி கூர்மையாகத் தேய்கிறதா, குச்சி ஒடிந்த மாதிரி நிற்கிறதா என்பதில் அழுத்தம் தெரிந்துவிடும். நாற்பது பிரஷ்ஷுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. ஏபிஆர் ஏற்றுமதி செய்த நாளோடு நின்றுவிடும். அதன்பிறகு பிரஷ்ஷைத் திருத்தினால் கோப்புக்கு அது தெரியாது, மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். புதிய பதிப்பில் செய்த ஏபிஆரை மிகப் பழைய பதிப்பில் ஏற்றினால் ஃபோல்டர் அடுக்கும் டூல் அமைப்பும் கிடைக்காது. உட்கார்ந்து பிரிக்கும் பொறுமையும் வேண்டும். ஆனால் இந்த ஐந்தில், பிரஷ் மென்பொருளுக்கு வெளியே உங்கள் சொந்தக் கோப்பாக இருப்பது இந்த வழியில்தான்.

வேறு மென்பொருளுக்குப் போவது

அப்டேட்டில் கோபம் வந்து மாறுபவர்கள் உண்டு. ஏபிஆரைப் பல மென்பொருள்கள் படிக்கும் என்பது உண்மை, ஆனால் ஒவ்வொன்றும் படிக்கும் விதம் வேறு. ஐபேடில் புரோக்ரியேட் 2019 இறுதியில் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து ஏபிஆரை ஏற்றிக்கொள்கிறது. முனையோடு அமைப்புகளையும் தன் மொழிக்கு மாற்றிப் பார்க்கும், பெரும்பாலும் அருகில் வரும், அச்சாக வராது. திரும்ப ஏபிஆராக வெளியே எடுக்கவும் முடியாது. இலவச மென்பொருள்களான கிரிட்டாவும் கிம்ப்பும் ஏபிஆரிலிருந்து முனையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அழுத்தம், சிதறல் எல்லாவற்றையும் நாம் புதிதாக அமைக்க வேண்டும். கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டும் ஏபிஆரை ஏற்கும், அங்கேயும் சோதனைத் தாள் போட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. விலைக்கு வாங்கிய பிரஷ் என்றால், வேறு மென்பொருளில் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள்.

அப்டேட்டில் பிரஷ் ஒழுங்கு மாறுவது ஃபோட்டோஷாப்புக்கு மட்டும் உரியதும் இல்லை. கிரிட்டாவின் 5.0 பதிப்பு 2021 டிசம்பரில் வந்தபோது பிரஷ்களை நிர்வகிக்கும் முறையையே திருப்பி எழுதினார்கள். எல்லாம் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்குள் போனது. ஒரு நல்லது, அதில் பிரஷ்ஷை நீக்கினால் கண்ணிலிருந்து மறையுமே தவிரக் கோப்பு போகாது, திரும்ப எடுக்கலாம். கிரிட்டாவில் எனக்குப் பிடித்த இன்னொன்று அதன் கேபிபி கோப்பு. அது உண்மையில் ஒரு பிஎன்ஜி படம். பிரஷ்ஷின் முகப்புப் படத்துக்குள்ளேயே அதன் அமைப்புகளும் எழுதப்பட்டிருக்கும். பிரஷ்ஷை நாமே வைத்துக்கொள்ளவும் பகிரவும் இதைவிட நேர்மையான வடிவத்தை நான் பார்த்ததில்லை. இருந்தாலும், புதிதாக ஒன்றைக் கற்கும் ஆசையில் மாறுங்கள். நாற்பது பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக மாறினால், போய்ச் சேர்ந்த இடத்தில் கைக்குப் பழகிய நாற்பதும் இருக்காது.

நான் இப்போது செய்வது இரண்டு வழிகளைச் சேர்த்துத்தான். ஆண்டு மாறும் அப்டேட் வந்தால் பழையதை நீக்காமல் பக்கத்தில் புதியதை நிறுவுகிறேன், ஏபிஆர்களை ஏற்றுகிறேன், ழ எழுதிப் பார்க்கிறேன். இடையிடையே வரும் சின்ன அப்டேட்டுகளில் அமைப்பு ஃபோல்டர் அதேதான் என்பதால் தாளில் நாலைந்து பிரஷ்ஷை மட்டும் சரிபார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன். கைவசம் உள்ள வேலைகள் பழையதிலேயே முடியும். புதியதில் தொடங்கிய ஒரு தலைப்பு முழுதாக முடிந்து, அச்சாகி, காகிதத்தில் கையில் வந்த பிறகுதான் பழைய பதிப்பை நீக்குகிறேன். அப்போதும் அமைப்புகளை நீக்கவா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்றுதான் பதில்.